திரையில் ஏறிய கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் கணிதத் துறை முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார். "கேன்டீன் கதை, ஹாஸ்டல் கதையெல்லாம் மத்தவங்க பேசுவாங்க. நீ உன் தொழிலைப் பத்திப் பேசு. ஆனா கணக்கு படிக்காதவங்களுக்கும் புரியணும்." முதல் நிபந்தனை சுலபம். இரண்டாவதை நிறைவேற்ற முயல்கிறேன். தமிழ்த் துறை நண்பர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

என் தொழில் இதுதான். உலகத்தில் எங்கோ ஒரு விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதுகிறார். அதில் வரும் கணிதச் சமன்பாடுகள் ஆய்விதழிலும், பிறகு கணினித் திரையிலும், பிழையில்லாமல் தெளிவாகத் தெரியும்படி அமைத்துக் கொடுப்பது. 'டைப்செட்டிங்' என்று சொன்னால் பலர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். அதுவும் நல்ல தொழில்தான். ஆனால் இது கொஞ்சம் வேறு.

நம் அம்பத்தூரை டிஐ சைக்கிள், டன்லப் என்றும், பாடியை லூகாஸ் டிவிஎஸ் என்றும், ஆவடியை டாங்கித் தொழிற்சாலை என்றும்தான் நம் தகப்பன்மார்கள் அறிவார்கள். எங்கள் தலைமுறையில் இன்னொரு தொழிலும் இந்தப் பக்கம் வந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டு அறிவியல் இதழ்களின் பக்க அமைப்பு வேலை பெருமளவில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. லேசர்வேர்ட்ஸ், நியூஜென், டி.என்.கியூ போன்ற சென்னைப் பெயர்கள் பதிப்பாளர்கள் வட்டாரத்தில் தெரிந்த பெயர்களாயின. பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் படித்துவிட்டு பி.எட். சேருவதா, வங்கித் தேர்வு எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்கு இந்தத் தொழில் சோறு போட்டது. நானும் 1999-இல் அப்படித்தான் எஸ்டேட்டுக்குள் நுழைந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சமன்பாட்டை அமைப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

நாம் பேசும் மொழி ஒரே வரியில் ஓடுவது. தமிழானாலும் ஆங்கிலமானாலும் இடமிருந்து வலமாக ஒரு வரி, அது முடிந்தால் அடுத்த வரி. கணிதம் அப்படியில்லை. அது மேலும் ஏறும், கீழும் இறங்கும். ஓர் எண் எங்கே நிற்கிறது என்பதே அதன் பொருள். 10⁶ என்றால் பத்து லட்சம். அந்த 6 கொஞ்சம் கால் தவறிக் கீழே விழுந்துவிட்டால் 106. பத்து லட்சம் நூற்றாறு ஆகிவிட்டது! இது நான் வேடிக்கைக்குச் சொல்வதல்ல. ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாற்றும்போது மேற்குறிகள் கீழே விழுவது இத்தொழிலில் தினசரி நடப்பு. மருந்தின் அளவையோ, கிருமிகளின் எண்ணிக்கையையோ சொல்லும் கட்டுரையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் நல்ல உதாரணம் நம் ராமானுஜனே கொடுத்திருக்கிறார். 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். இந்தக் கோவையின் மதிப்பு என்ன என்பது கேள்வி:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, முடிவே இல்லாமல் போகிறது. யாரிடமிருந்தும் விடை வராததால் பிறகு அவரே விடை சொன்னார். விடை வெறும் 3. எப்படி? 3 என்பது 9-இன் மூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் மூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் மூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், ஆனால் முதலில் தோன்றுவதற்கு ராமானுஜன் வேண்டும்.

இப்போது அச்சுக்கோப்பவரின் கண்ணால் இதைப் பாருங்கள். கையால் எழுதும்போது வர்க்கமூலக் குறியின் தலையில் ஒரு கோடு நீண்டு போகிறதே, அந்தக் கோடு எதுவரை போகிறதோ அதுவரை உள்ளதெல்லாம் மூலத்துக்குள் அடங்கும். அந்தக் கோடு குட்டையாகிப் போய் ஒவ்வொரு மூலமும் அடுத்துள்ள 1-ஐ மட்டும் மூடியது என்று வையுங்கள். 1-இன் மூலம் 1 தானே? கோவை 1 + 2 + 3 + 4 என்று ஆகி, கூட்டக் கூட்ட எல்லையில்லாமல் போய்விடும். கோடு சரியாக இருந்தால் 3, குட்டையானால் முடிவிலி! (முடிவில்லாத அந்தக் கூட்டலுக்கும் ராமானுஜன் ஒரு விடை வைத்திருந்தார். அது வேறு கதை, நம் பேராசிரியரைத் தனியாகக் கேளுங்கள்.)

ஈய எழுத்துக் காலத்தில் இதைக் கையால் கோத்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஈயத் துண்டு. மேலே ஏறும் குறிக்குச் சின்ன எழுத்து, அதைத் தாங்க அடியில் வெற்று ஈயம், பின்னத்துக்கு நடுவே பித்தளைக் கோடு. ஒரு பக்கக் கணிதம் கோப்பதற்குள் சாதாரணப் பக்கங்கள் பல முடிந்துவிடும். அதனால் கணிதம் அச்சிடுவதற்கு எங்கும் கூலி அதிகம், நல்ல ஆளும் குறைவு. ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை 1957-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டபோது அவற்றை அச்சுக் கோக்கவில்லை. அவருடைய கையெழுத்தை அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாகப் போட்டார்கள். கையெழுத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஆனால் அது படம். அதிலிருந்து ஒரு வரியைத் தேடி எடுக்க முடியாது. இந்த 'படம்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போவதே அதைப் பற்றித்தான்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத் தமது கணினிப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு வந்த 1977-இல் அதன் புரூப்பைப் பார்த்தார். ஈய எழுத்து போய் ஒளி அச்சு வந்திருந்த சமயம். எழுத்துகள் அசிங்கமாக இருந்தன. வேறு யாராவது என்றால் பதிப்பாளருக்கு ஒரு கோபக் கடிதம் எழுதியிருப்பார்கள். இவர் புத்தகம் எழுதுவதை நிறுத்திவிட்டு, கணிதத்தை அழகாக அமைக்க ஒரு மென்பொருளே எழுதத் தொடங்கிவிட்டார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தவருக்குச் சுமார் பத்து வருஷம் பிடித்தது. அதுதான் 'டெக்'. அதை அனைவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பு எண்ணில் 'பை'யின் இன்னோர் இலக்கம் சேரும். 3.14, 3.141 என்று போய் 2021-இல் 3.141592653 ஆகியிருக்கிறது. பிழை கண்டுபிடித்தவர்களுக்குக் காசோலையும் அனுப்பினார். பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். இன்று உலகின் கணிதக்காரர்களில் பெரும்பாலோர் எழுதுவது அதில்தான். நம் பக்கத்திலும் அதற்கு ஆர்வலர்கள் இருந்தார்கள். 1998-இல் திருவனந்தபுரத்தில் இந்திய டெக் பயனர் குழு தொடங்கப்பட்டது. 2002-இல் உலக டெக் மாநாடே அங்கு நடந்தது.

காகிதத்தில் கணிதம் இப்படி அழகாகிவிட்டது. திரையில்?

இங்கேதான் வேடிக்கை. இணைய வலையை உருவாக்கியதே ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் அதை முன்மொழிந்தது விஞ்ஞானிகள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்வதற்காக. 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் களஞ்சியத்தில் இயற்பியல் கட்டுரைகள் அச்சுக்கு முன்பே கிடைத்தன. ஆனால் வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் தலைப்புக்கு வழி இருந்தது, பட்டியலுக்கு வழி இருந்தது, ஒரு பின்னம் எழுத வழி இல்லை! விஞ்ஞானிகளுக்காகக் கட்டிய வீட்டில் கணக்குக்கு மட்டும் அறை கிடையாது. 1995-இல் மூன்றாம் பதிப்பின் வரைவில் கணிதத்துக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். 1997-இல் வந்த 3.2 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அப்போது இதழ்கள் என்ன செய்தன? ஒவ்வொரு சமன்பாட்டையும் ஒரு சின்னப் படமாக்கி வலைப்பக்கத்தில் ஒட்டின. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை அதுதான். ஒரு கட்டுரையில் முந்நூறு சமன்பாடு இருந்தால் முந்நூறு படம். தனி எழுத்து ஒன்று வரிக்கு நடுவே வந்தால் அதுவும் ஒரு படம். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் பெரிதாகும், சமன்பாடு மட்டும் அதே அளவில் இருக்கும். படமும் வரியும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஒன்று பள்ளத்தில் இறங்கும், இல்லை திண்ணையில் ஏறி உட்காரும். அச்சு எடுத்தால் ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியே இன்டர்நெட் வந்த காலம் அது. முந்நூறு படமும் வந்து சேருவதற்குள் வாசகர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

எங்கள் அறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து பட்டரவாக்கம் ஸ்டேஷனில் முதல் ரயிலுக்கு நிற்கும் முகங்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்தான். கொரட்டூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் என்று இறங்குவார்கள். பெண்கள் நிறையப் பேர். வீட்டில் "என்னம்மா வேலை பாக்கற?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் பார்த்துப் பிடித்த பிழைகள் சாதாரணமானவை அல்ல.

ஆங்கிலத்தில் 'வி' என்று சாய்வெழுத்தில் ஒன்று உண்டு, திசைவேகத்துக்கு. கிரேக்கத்தில் 'நியூ' என்று ஒன்று உண்டு, அதிர்வெண்ணுக்கு. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒளித்துகளின் ஆற்றல் என்பது பிளாங்க் மாறிலியையும் அதிர்வெண்ணையும் பெருக்கியது என்று படித்திருக்கிறோம். அங்கே நியூவுக்குப் பதில் வி வந்தால் அதிர்வெண் திசைவேகமாகிவிடும். 'எம்' சாய்ந்திருந்தால் நிறை, நிமிர்ந்திருந்தால் மீட்டர். தடித்த எழுத்தென்றால் திசையன். பெருக்கல் குறியும் எக்ஸ் எழுத்தும், பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் ஒன்றையொன்று ஏமாற்றும் இரட்டைப் பிள்ளைகள்.

இவற்றில் பெரிய போக்கிரி கழித்தல் குறி. விசைப்பலகையில் இருக்கும் சிறு கோடு கழித்தல் அல்ல, அது சொற்களை இணைக்கும் கோடு. கழித்தல் குறி கூட்டல் குறியின் அகலத்துக்கு இருக்க வேண்டும். இணைப்புக் கோட்டைப் போட்டால், வரி முடிவில் கோடு அங்கேயே நின்றுவிட்டு 5 மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடும். மைனஸ் ஐந்து, ஐந்தாகிவிடும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் முதல் வாரத்திலேயே கேட்டார்: "சார், இது மைனஸா, வெறும் கோடா? ரைட்டர் என்ன நெனச்சு போட்டாரு?" ஆசிரியர் என்ன நினைத்தார் என்று கேட்பவர்தான் நல்ல அச்சுக்கோப்பவர். அதற்குக் கணிதம் தெரிய வேண்டும். இந்தக் கல்லூரியில் படித்த கணக்கு எனக்கு எங்கே உதவியது என்று யாராவது கேட்டால், இங்கேதான் என்பேன்.

படத்துக்கு மாற்றுவழி 1998 ஏப்ரலில் வந்தது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 'மேத்எம்எல்' என்ற குறிமொழியை வெளியிட்டது. சமன்பாட்டை வரைவதற்குப் பதில் விவரிக்கிறது அது. "இது ஒரு பின்னம். இதன் மேலே உள்ளது இது, கீழே உள்ளது இது. இது ஒரு மூலம், இதற்குள் அடங்குவது இவ்வளவு" என்று கணினிக்குச் சொல்லிவிடுகிறோம். வரைவது கணினியின் பொறுப்பு. எழுத்தைப் பெரிதாக்கினால் சமன்பாடும் பெரிதாகும். தேடலாம், நகலெடுத்து வேறொரு மென்பொருளில் ஒட்டலாம். அப்போதிலிருந்து எங்கள் வேலையும் மாறியது. கட்டுரை முழுவதையும் எக்ஸ்எம்எல் என்ற அமைப்பில் கட்டி, அதற்குள் மேத்எம்எல்லை வைத்து, அந்த ஒரே மூலத்திலிருந்து அச்சுக்கும் திரைக்கும் எடுத்தோம்.

ஆனால் கல்யாணத்துக்கு எல்லாம் தயார், மாப்பிள்ளை மட்டும் வரவில்லை என்ற கதையாயிற்று. நாங்கள் மேத்எம்எல் கொடுத்தாலும் காட்ட வேண்டிய பிரௌசர் அதைப் புரிந்துகொள்ள வேண்டுமே! ஃபயர்ஃபாக்ஸ் ஆரம்பம் முதலே காட்டியது. பெரும்பாலோர் பயன்படுத்தியவை காட்டவில்லை. இந்த இடைவெளியை அடைக்க அமெரிக்கக் கணிதக் கழகம் முதலானவை ஆதரித்து, 2010-இல் 'மேத்ஜாக்ஸ்' முதல் பதிப்பு வந்தது. பிரௌசருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தோடு கூடவே வந்து நான் வரைந்து காட்டுகிறேன் என்ற இலவச மென்பொருள் அது. இன்று எத்தனையோ ஆய்விதழ்களில் நீங்கள் பார்க்கும் சமன்பாடுகள் அதன் கைவண்ணம்தான். கூகுளின் குரோம் 2013-இல் ஒரே ஒரு பதிப்பில் மேத்எம்எல்லைச் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டது. மறுபடி சேர்த்தது 2023 ஜனவரியில், 109-ஆம் பதிப்பில். நடுவில் பத்து வருஷம்! அந்த வேலையைச் செய்து முடித்தது ஸ்பெயினைச் சேர்ந்த இகாலியா என்ற சிறிய நிறுவனம்.

"அதான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, இனிமே என்ன?" என்று கேட்பீர்கள். கண் உள்ளவர்களுக்கு ஓரளவு முடிந்தது. இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இந்த மேடைக்கு வந்த காரணம்.

நம் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலுடன் பேருந்து நிலையத்தில் நிற்கும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், கைபிடித்துச் சாலை கடக்க உதவியிருக்கிறோம். அவர்கள் கணினியில் எப்படிப் படிக்கிறார்கள்? திரைவாசிப்பான் என்ற மென்பொருள் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். எழுத்தாக இருந்தால் படிக்கும். படமாக இருந்தால்?

அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர், பொருளாதாரம் முதுகலை படிப்பவர், எனக்குப் பழக்கமானார். ஒருநாள் தன் மடிக்கணினியில் ஒரு புள்ளியியல் கட்டுரையைப் போட்டுக் கேட்கச் சொன்னார். ஆங்கிலத்தில் அழகாகப் படித்துக்கொண்டே வந்த குரல், "இதன் சராசரியை நாம் இவ்வாறு வரையறுக்கிறோம்" என்ற இடத்தில் வந்து, "இமேஜ்" என்றது. பிறகு "இதிலிருந்து பெறுவது" என்று சொல்லி, "ஈக்யூ 14 டாட் ஜிஃப்" என்றது. கட்டுரை முழுக்க அப்படித்தான். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், நீங்க எல்லாருக்கும் கணக்கு காட்டற வேலைதானே பாக்கறீங்க? எனக்கு மட்டும் ஏன் சார் 'இமேஜ்'னே சொல்லுது?"

எனக்குப் பதில் தெரியும். படத்தோடு சேர்த்து அதன் பொருளை வார்த்தைகளில் எழுதி வைக்க இடம் உண்டு. நேரமும் காசும் ஆகும் என்று பல இடங்களில் அது காலியாகவே விடப்படுகிறது. ஆனால் அந்தப் பதிலை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு முதலில் வழிகாட்டியவர் ஓர் இந்தியர் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். டி.வி. ராமன் புனேயில் வளர்ந்தவர், பார்வையற்றவர், கணிதம் படித்தவர். மும்பை ஐஐடியில் முதுகலை முடித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வே, டெக்கில் எழுதிய கணிதத்தைக் கணினி வாய்விட்டுப் படிக்கும் முறைதான். அதற்கு 'ஆஸ்டர்' என்று பெயர் வைத்தார். அவருக்கு வழிகாட்டிய நாயின் பெயரும் அதுவே. மேற்குறி வந்தால் குரலின் சுருதி உயரும், கீழ்க்குறி வந்தால் தாழும். கண்ணுக்கு இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் காதுக்கு மாற்றிவிட்டார்! இதைப் படித்தபோது, நம் பாட்டு வாத்தியார்கள் இதை எவ்வளவு எளிதாகப் புரிந்துகொள்வார்கள் என்று தோன்றியது.

வாய்விட்டுப் படிப்பதில் உள்ள சிக்கலை ஒரு சின்னக் கணக்கால் காட்டுகிறேன். "பன்னிரண்டு வகுத்தல் இரண்டு கூட்டல் நான்கு." விடை என்ன? சிலர் 10 என்கிறீர்கள், சிலர் 2 என்கிறீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டை இரண்டால் வகுத்துப் பிறகு நான்கைக் கூட்டினால் 10. இரண்டும் நான்கும் சேர்ந்து கோட்டுக்குக் கீழே இருந்தால் 2. கரும்பலகையில் எழுதினால் சண்டையே இல்லை, கோட்டின் நீளம் சொல்லிவிடும். கோட்டைப் பார்க்க முடியாதவருக்கு யார் சொல்வது? மேத்எம்எல் சொல்லும். "பின்னம் தொடங்குகிறது, கீழ்ப்பகுதி இது, பின்னம் முடிகிறது" என்ற கட்டமைப்பு அதற்குள் இருக்கிறது. அதே குறிப்பிலிருந்து ஆறு புள்ளிப் பிரெய்லிலும் எடுக்கலாம். கணிதத்துக்கான பிரெய்ல் முறை ஒன்றை ஆபிரகாம் நெமத் என்ற பார்வையற்ற கணிதப் பேராசிரியரே வகுத்திருக்கிறார்.

ஆகவே நண்பர்களே, சமன்பாட்டைத் தெளிவாகக் காட்டுவது என்பது அழகு பார்க்கிற விஷயம் மட்டுமல்ல. படமாக ஒட்டினால் கண் உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு. பொருளோடு எழுதினால் எல்லோருக்கும் திறக்கும். இதை உலகமும் உணர ஆரம்பித்திருக்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆர்க்கைவ் களஞ்சியம் 2023 டிசம்பரில், பிடிஎஃப் கோப்போடு நிற்காமல் கட்டுரைகளை வலைப்பக்கமாகவும் தரத் தொடங்கியது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் படிப்பதற்கு வழிசெய்வது அதன் முக்கிய நோக்கம். ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துள்ள அணுகல் சட்டம் மின்னூல்களையும் கட்டுப்படுத்துகிறது. அந்த நூல்களில் எத்தனையோ நம் ஊரில்தான் தயாராகின்றன. சட்டம் ஐரோப்பாவில், வேலை அம்பத்தூரில்!

இன்னொரு கவலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையெழுத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் சமன்பாட்டைத் தட்டச்சு செய்து தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. விரல் வேகத்தை மட்டும் நம்பிய வேலைகள் குறைகின்றன, இனியும் குறையும். எங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் அவர்களிடம் சொல்வது, மிஷின் எழுத்தைப் பார்க்கும், ஆசிரியர் என்ன நினைத்தார் என்று கேட்காது. வியா நியூவா என்று சந்தேகப்படத் தெரிந்தவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தைக் கற்றுத்தருவது கணித வகுப்புதான். நம் துறையில் சேரும் மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்று வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

முதலாவது, பேராசிரியர்களுக்கு. வகுப்புக் குறிப்பையும் கேள்வித்தாளையும் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது சுலபம்தான். ஆனால் அது மறுபடி படம். லேடெக்கிலோ, வேர்டின் சமன்பாட்டுக் கருவியிலோ ஒருமுறை எழுதி வைத்தால் வருஷா வருஷம் உதவும், எல்லோரும் படிக்கலாம். மாணவர்களுக்கு லேடெக் பயிற்சி ஒரு வாரம் நடத்த நானும் எங்கள் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரும் தயார். கட்டணம் வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும்.

இரண்டாவது, சங்கத்துக்கு. கல்லூரி நூலகத்தில் இரண்டு கணினிகளை, நல்ல ஹெட்போனுடன், பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஒதுக்குவோம். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதை உருவாக்கத் தொடங்கியவர்களே பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள். மேத்எம்எல் கணிதத்தைப் படிக்கும் 'மேத்கேட்' என்ற துணைமென்பொருளும் இலவசம். செலவு கணினிக்கும் மேஜைக்கும்தான். இந்த ஆண்டு நினைவுப் பரிசுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி போதும் என்று நினைக்கிறேன். பொருளாளர் என்னை முறைக்க வேண்டாம், முதல் கணினியின் விலையை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, தமிழ்த் துறைக்கு. ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த வேலை. ஒரு சமன்பாட்டைத் தமிழில் குழப்பமில்லாமல் வாய்விட்டுப் படிக்கச் சுருக்கமான, சீரான சொற்கள் வேண்டும். எங்கே பின்னம் தொடங்குகிறது, எங்கே மூலம் முடிகிறது என்று காதுக்கு உடனே விளங்க வேண்டும். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று 320-இல் ஒரு பங்குக்குக்கூடத் தனிப்பெயர் வைத்த மொழி இது. அந்தப் பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடிலும் ஏறிவிட்டன. கணிதத் துறையும் தமிழ்த் துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் இது நடக்கும். நாம் படித்த காலத்தில் இரண்டு துறைக்கும் நடுவே ஒரு வேப்பமரம்தான் இருந்தது.

பூந்தமல்லி நண்பரை அடுத்த மாதம் நம் நூலகத்துக்கு அழைத்திருக்கிறேன். அவர் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் இருக்கும் கணினி "இமேஜ்" என்று சொல்லாமல் கணக்கைச் சொன்னால், அதைவிடப் பெரிய ஒன்றுகூடல் பரிசு நம் சங்கத்துக்குக் கிடையாது.